சிலோன் பெந்தெகொஸ்தே சபை: சீர்திருத்த மரபில் வந்த ஒரு சபைக்குள் துறவறம் எங்கிருந்து வந்தது?

பொருநை வாசகன் (கேள்வி)

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறைகளாகத் திருநெல்வேலித் திருமண்டலத்தைச் சேர்ந்தது. என் அண்ணன் மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ‘தி பெந்தெகொஸ்தல் மிஷன்’ என்று இப்போது அழைக்கப்படுகிற, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சிலோன் பெந்தெகொஸ்தே என்றே சொல்லுகிற சபையில் முழுநேர ஊழியத்துக்குத் தன்னைப் பிரதிஷ்டை செய்ய விரும்புவதாகக் கூறுகிறாள். திருமணம் செய்துகொள்ளாமல், சொத்து எதுவும் வைத்துக்கொள்ளாமல், வெள்ளை உடை உடுத்தி, ஊழியர்கள் கூடி வாழும் ‘விசுவாச வீட்டில்’ பிற சகோதரிகளோடு வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகிறாளாம். அண்ணனும் அண்ணியும் கலங்கிப்போய் இருக்கிறார்கள். அவளைத் தடுக்க வழி கேட்டு நான் இதை எழுதவில்லை. வயது வந்த பெண், அவள் முடிவு அவளுடையது.

என்னுடைய கேள்வி வேறு. மார்ட்டின் லூத்தர் மடத்தைவிட்டு வெளியேறி மணம் புரிந்துகொண்ட நாள் முதல், குருமாருக்கு இல்லறம் தடையன்று என்பது சீர்திருத்தச் சபைகளின் அடிப்படை நிலைப்பாடுகளில் ஒன்றாக இருந்துவருகிறது. பெந்தெகொஸ்தே இயக்கமும் அந்த மரபின் கிளைதான் என்றால், ஏனைய பெந்தெகொஸ்தே சபைகளின் பாஸ்டர்கள் மனைவி மக்களோடு வாழும்போது, இந்த ஒரு சபையில் மட்டும் துறவு எப்படி ஊழியத்தின் நிபந்தனையாயிற்று? இது அமெரிக்காவிலிருந்து வந்ததா, கத்தோலிக்க மடங்களிலிருந்து வந்ததா, அல்லது நம் நாட்டுச் சந்நியாச மரபின் சாயலா? ‘விவாகம் பண்ணாதிருக்கவும்’ கட்டளையிடுகிறவர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 4:3 எச்சரிப்பதை எங்கள் ஆயர் சுட்டிக்காட்டுகிறார். வரலாறு அறிந்தவர்களும், அந்தச் சபைக்குள் இருப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஏட்டுச்சுவடி (மறுமொழி)

நீங்கள் கூறிய மூன்று வழிகளில் எந்த ஒன்றும் தனியே இதை விளக்காது. ‘பெந்தெகொஸ்தே என்றால் அமெரிக்க இறக்குமதி’ என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுவதால், முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் சார்லஸ் பார்ஹம் நடத்திய வேதாகமப் பள்ளியில் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நியபாஷை பேசுதல் (ஆவியின் ஏவுதலால் தான் கற்றறியாத மொழியில் பேசுவது), பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்குரிய முதல் அடையாளம் என்ற போதனை உருவானது. அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர், 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் நடத்திய கூட்டங்களிலிருந்து அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, பூனாவுக்கு அருகில் கேட்காவ் என்னும் ஊரில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் இளம் பெண்களிடையே எழுப்புதல் உண்டாகியிருந்தது. நம் பக்கத்திலோ, 1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் ஊழியத்தில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் காணப்பட்டதாக அக்காலக் குறிப்புகளே பதிவு செய்திருக்கின்றன. அசூசா தெருவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி அது.

அருளப்பனை இங்கே நான் இழுத்துவருவதற்குக் காரணம் அந்நியபாஷை மட்டுமன்று. அவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் சீடர். குரோவ்ஸின் தங்கையை மணந்தவர்தான் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர். மிஷன் சங்கத்தின் சம்பளம் வாங்காமல், யாரிடமும் கை நீட்டாமல், தேவையைத் தேவனிடம் மட்டுமே சொல்லி வாழ்வது என்ற ‘விசுவாச வாழ்வு’ அந்த வட்டாரத்தின் தனி முத்திரை. அருளப்பனுக்கும் சிலோன் மிஷனுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. சம்பளமில்லாத ஊழியம் என்ற கருத்து பெந்தெகொஸ்தே சபைகளோடுதான் இங்கு நுழைந்தது என்று எண்ணுவது தவறு என்பதையே குறிப்பிடுகிறேன்.

விசுவாச வீடு என்ற ஏற்பாட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் மென்னடோர்ஃப் ஊரில் டொரொத்தியா டுரூடெல் என்ற பெண்மணி நோயாளிகளைத் தம் வீட்டில் தங்கவைத்து, மருந்தில்லாமல் ஜெபத்தினாலே சுகம் தேடும் இல்லத்தை நடத்தினார். அந்த மாதிரியைப் பின்பற்றி அமெரிக்காவிலும் பல இல்லங்கள் தோன்றின. பஃபலோ நகரில் கேரி ஜட் தொடங்கியதும் அவற்றுள் ஒன்று. தெய்வீக சுகம், நன்கொடையை மட்டும் நம்பிய பொதுவாழ்வு, பெண்களின் முன்னணிப் பங்கு ஆகிய மூன்றும் அந்த இல்லங்களில் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அவை மணத்துறவை நிபந்தனையாக்கவில்லை. கேரி ஜட்டே பின்னாளில் மணம் செய்துகொண்டார். ஆகவே சிலோன் பெந்தெகொஸ்தே ஊழியர்கள் மருந்து உட்கொள்ள மறுப்பதற்கும், அவர்களின் பொதுவாழ்வுக்கும் மேற்கில் முன்மாதிரி காட்டலாம். துறவுக்கு அவ்வாறு காட்டுவது கடினம்.

இப்போது கொழும்புக்கு வருவோம். சபையை நிறுவிய பாஸ்டர் பால் அவர்களின் இயற்பெயர் ராமன்குட்டி. 1881இல் இன்றைய கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பிழைப்புத் தேடி இலங்கைக்குச் சென்று, அங்கே ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் வீட்டில் வேலை பார்த்தபோது கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, பின்பு ஆங்கிலிக்கன் மிஷன் வட்டாரத்தில் உபதேசியாரானவர். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், முன்பு நாடக நடிகையாக இருந்த அன்னா லெவினி என்ற டேனியப் பெண்மணி பெந்தெகொஸ்தே செய்தியோடு கொழும்புக்கு வந்தார். அடுத்து, அசெம்பிளிஸ் ஆஃப் காட் அமைப்பைச் சேர்ந்த வால்டர் கிளிஃபோர்டு வந்தார். ராமன்குட்டியும், கல்வியறிவு மிக்க சிங்களக் கிறிஸ்தவரான ஆல்வின் டி ஆல்விசும் அந்த வெளிநாட்டு மிஷனரிகளின் கீழ் அடங்காமல் தனியே தொடங்கியதுதான் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு 1924. ஒரு மலையாளியும் ஒரு சிங்களரும் தொடங்க, தமிழர்களிடையே பெருகி, இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள சபை இது. அக்காலத்தில் வெள்ளைக்கார மிஷனரி ஒருவர்கூடத் தலைமையில் இல்லாமல் இவ்வளவு பரந்த சபைகள் மிகச் சில.

துறவுக்கான என் விடை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. பங்களாவும் சமையற்காரரும் மாதச் சம்பளமும் உடைய மிஷனரியையே ஊழியத்தின் உருவமாகக் கண்டிருந்த மக்களிடம், வெளிநாட்டுப் பணம் ஒரு காசும் இல்லாமல் ஊழியம் செய்ய ஒரு சுதேசிக்கு என்ன அதிகாரம் இருந்தது? விட்டுவிடுதலே அந்த அதிகாரம். பிக்குகளை நாள்தோறும் காணும் இலங்கையிலும், சந்நியாசிகளைக் காணும் தென்னாட்டிலும், பொருளையும் குடும்பத்தையும் துறந்தவனின் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். அவர்கள் காவி உடுத்தவில்லை. ஆசிரமம் என்று பெயரிடவில்லை. இந்து மரபோடு தங்களை ஒப்பிடுவதை அவர்களே ஏற்கவும் மாட்டார்கள். சாது சுந்தர் சிங் அதே காலத்தில் காவி உடுத்தித் தம்மை வெளிப்படையாகச் சாது என்றார். இவர்களோ ஒவ்வொரு பழக்கத்துக்கும் வசனத்தையே ஆதாரமாக வைத்தார்கள்: பொதுவுடைமைக்கு அப்போஸ்தலர் 2, 4ஆம் அதிகாரங்கள், உண்டானவற்றையெல்லாம் வெறுத்துவிடுவதற்கு லூக்கா 14:33, மணத்துறவுக்கு மத்தேயு 19:12, 1 கொரிந்தியர் 7, வெள்ளை உடைக்கு வெளிப்படுத்தின விசேஷம். பதில்கள் வேதத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ஆனால் வேதத்தை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி இந்த மண்ணுக்குரியது என்பது என் கருத்து.

இன்னொரு செய்தியையும் இதனருகே வைத்துப் பாருங்கள். சிலோன் மிஷனுக்குச் சற்று முன்பு, 1921இல், வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபாரெஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அவர்களும் மணத்துறவிகள், அங்கும் பொதுவாழ்வுதான். ஆனால் இருவரும் மருத்துவர்கள். முதலில் அவர்கள் செய்த பணிகளில் ஒன்று மருத்துவமனை நடத்தியது. சீர்திருத்த மரபில் வந்த கிறிஸ்தவர்கள் ஒரே காலத்தில் இருவேறு வழிகளில் துறவை நாடினார்கள். ஒரு வழி மருந்தைக் கையில் எடுத்தது, மற்றது மருந்தைக் கீழே வைத்தது.

இரும்புலியூர் விசுவாசி (மறுமொழி)

மேலே எழுதியவர் வரலாற்றை மரியாதையோடு எடுத்துரைத்ததற்கு நன்றி. ஆனால் ‘அதிகாரம்’ என்ற ஒரே சொல்லால் பிரதிஷ்டையை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஊழியன் அல்ல. மனைவி மக்களோடு வாழ்கிற சாதாரண விசுவாசி. இந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவன்.

முதலில் ஆயர் அவர்கள் சுட்டிய வசனத்துக்கு வருகிறேன். சபையில் யாருக்கும் திருமணம் தடைசெய்யப்படவில்லை. விசுவாசிகள் மணம் செய்துகொள்கிறார்கள். பாஸ்டர்களே அந்தத் திருமணங்களை நடத்திவைக்கிறார்கள். முழுநேர ஊழியத்துக்கு வருகிறவர்கள் மட்டுமே தாமாக மணவாழ்வை விட்டுக்கொடுக்கிறார்கள். நிறுவனரான பாஸ்டர் பால் அவர்களே குடும்பஸ்தராக இருந்து பிரதிஷ்டைக்கு வந்தவர் என்பதையும் கவனிக்க வேண்டும். மணமானவர்கள் இருவரும் ஒருமனப்பட்டு ஊழியத்துக்கு வந்த குடும்பங்களும் உண்டு. கட்டளையிடுவதும் அழைப்பை ஏற்பதும் ஒன்றல்ல.

பிரதிஷ்டையின் உட்பொருளை அறிய எங்கள் உபதேசத்தில் நித்தியம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றப் பெந்தெகொஸ்தே சபைகளைப் போலவே திரியேக தேவனையும், மனந்திரும்புதலையும், முழுக்கு ஞானஸ்நானத்தையும், அந்நியபாஷையின் அடையாளத்தோடு கூடிய ஆவியின் அபிஷேகத்தையும், தெய்வீக சுகத்தையும், கிறிஸ்துவின் இரகசிய வருகையையும் நாங்கள் விசுவாசிக்கிறோம். அதற்கு அப்பால், மீட்கப்பட்டோர் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே மகிமையோடு இருப்பார்கள் என்று நாங்கள் கருதுவதில்லை. சீயோன், புதிய எருசலேம், புதிய வானம், புதிய பூமி என்று நித்திய வாசஸ்தலங்கள் வேறுபடுகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியானவரோடு சீயோன் மலையில் நிற்கிற கூட்டத்தார் ‘கற்புள்ளவர்கள்’ என்றும், அவர் எங்கே போனாலும் அவரைப் பின்பற்றுகிறவர்கள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறார்கள் அல்லவா? முழுமையாகத் தங்களைப் பிரதிஷ்டை செய்த ஊழியர்களின் நம்பிக்கை அந்தச் சீயோனைப் பற்றியது. ஆகவே துறவு எங்களுக்கு வெறும் ஒழுக்கமுறையன்று; முடிவுகாலத்தைக் குறித்த போதனையோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. அந்தப் போதனையை ஏற்காதவருக்கு இந்த வாழ்க்கை தேவையற்ற கடுமையாகத் தோன்றுவது இயல்பே.

விசுவாச வீட்டின் அன்றாட வாழ்வு குறித்துச் சகோதரர் தம் அண்ணனுக்குச் சொல்லலாம். சகோதரர்களும் சகோதரிகளும் தனித்தனிப் பகுதிகளில் இருப்பார்கள். விடியுமுன் ஜெபத்தோடு நாள் தொடங்கும். சமையல், துப்புரவு, வீடு சந்திப்பு, வியாதியஸ்தருக்காக ஜெபித்தல், வேதபாடம், காத்திருப்புக் கூட்டம், உபவாச ஜெபம் என்று வாரம் முழுவதும் வேலை இருக்கும். சம்பளம் என்று ஒன்று இல்லை. விசுவாசிகளின் தசமபாகத்திலும் காணிக்கையிலும் எல்லாரும் ஒரே பந்தியில் உண்பார்கள். ஓரிடத்திலேயே வேர்விடாதபடி ஊழியர்கள் இடம் மாற்றப்படுவார்கள். ஆராதனையில் நகை அணிந்த பெண்களையோ, ஆடம்பரத்தையோ காண முடியாது. பாயில் அமர்ந்து, கைதட்டிப் பாடி, எல்லாரும் ஏகமாய்ச் சத்தமிட்டு ஜெபிக்கும்போது முதல்முறை வருகிறவர் சற்றுத் திகைப்பதுண்டு. வருடாந்தரக் கன்வென்ஷன் நாட்களில் இரும்புலியூரில் பல மொழிக்காரர்கள் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருப்பதைக் கண்டவர்கள், இதை ஒரு மொழிக்கோ சாதிக்கோ உரிய சபை என்று சொல்லமாட்டார்கள்.

ஊழியர்களின் பெயரை விளம்பரப்படுத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று ஊருக்கு ஊர் சுவரொட்டிகளில் பாஸ்டரும் அவர் மனைவியும் புன்னகைக்கும் காலத்தில், எங்கள் ஊழியக்காரரை அடையாளம் காண்பதற்கு வெள்ளை வேட்டி சட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை.

தராசுமுள் (மறுமொழி)

முன்னவரின் விளக்கம் நேர்மையானது. ஆயினும் அவர் ஒரே சொல்லாகக் கடந்துபோன ‘தெய்வீக சுகம்’ பற்றி அந்தப் பெண்ணின் பெற்றோர் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். ஊழியர்கள் மருந்து உட்கொள்வதில்லை என்பது அந்தச் சபை மறைத்துவைத்த செய்தியன்று. ‘நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்’ என்ற யாத்திராகமம் 15:26ஆம் வசனத்தையும், மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5ஆம் அதிகாரத்தையும் வைத்து வெளிப்படையாகவே போதிக்கிறார்கள். கேரளத்தின் தொடக்ககாலப் பெந்தெகொஸ்தேயாரும் பெரும்பாலும் இப்படியே இருந்தார்கள்; பின்பு பல சபைகள் அந்தக் கடுமையைத் தளர்த்திவிட்டன. ஜெபத்தையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தும் நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று கொலோசெயர் நிருபம் அழைக்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் அவரே எழுதுகிறார்.

நான் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறேன். அறிவும் வயதும் உள்ள ஒருவர் தம் உடலுக்கு மருந்து வேண்டாம் என்று தீர்மானிப்பது அவருடைய உரிமை. எனக்கு அது பிடிக்காவிட்டாலும் மதிக்கிறேன். ஆனால் விசுவாசிகளின் வீடுகளில் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது, ஊழியர்களின் வாழ்க்கை முறையே எல்லாருக்கும் உரிய அளவுகோலாக மாறினால், தன் சார்பில் தானே முடிவெடுக்க முடியாத ஓர் உயிர் பெரியவர்களின் விசுவாசத்துக்குப் பிணையாகிவிடும். மருத்துவமனைக்குப் போன விசுவாசி, விசுவாசத்தில் தாழ்ந்துபோனதாக எண்ணிக் கூனிக்குறுகும் நிலையும் நல்லதன்று. இரும்புலியூர் விசுவாசி இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

இரும்புலியூர் விசுவாசி (மறுமொழி)

கேட்டது நியாயமான கேள்வி. சுற்றிவளைக்காமல் பதில் சொல்கிறேன். மருந்தில்லாமல் வாழ்வது ஊழியர்களின் பிரதிஷ்டையில் அடங்கியது. விசுவாசிகளுக்கு அது போதிக்கப்படுகிறது, ஊக்குவிக்கப்படுகிறது. ஆனால் என் பிள்ளைகளை நான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறேன், அதற்காக என்னை யாரும் சபையைவிட்டு நீக்கவில்லை. நீங்கள் சொன்ன அந்தக் கூச்சம் எங்களுக்குள் இல்லை என்று சாதிக்கமாட்டேன். சாட்சி சொல்லும் நேரத்தில் மருந்தில்லாமல் சுகம் பெற்றவர்கள்தான் எழுந்து நிற்பார்கள், என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருப்போம். குழந்தைகள் விஷயத்தில் தங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஊழியர்களுக்குள் முதுமையிலும் நோயிலும் மருந்தில்லாமல் கடைசிவரை நிலைத்து நின்று மரித்தவர்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

பொருநை வாசகன் (மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. துறவுக்கும் சீயோன் போதனைக்கும் உள்ள தொடர்பு எனக்கு முற்றிலும் புதிய செய்தி. அண்ணன் மகள் அடிக்கடி ‘சீயோன்’ என்று சொல்வதை நான் பொதுவாகப் பரலோகத்தைக் குறிப்பதாகவே எண்ணியிருந்தேன். இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. இதே காலத்தில் கேரளத்தில் தோன்றிய இந்தியப் பெந்தெகொஸ்தே சபையும் சுதேசிச் சபைதான் என்கிறார்கள். வெளிநாட்டுச் சார்பின்மைதான் துறவுக்குக் காரணம் என்றால், அங்கே ஏன் துறவு வரவில்லை? அடுத்து, பெண்களுக்கு அந்தச் சபையில் உண்மையில் என்ன இடம் இருக்கிறது?

ஏட்டுச்சுவடி (மறுமொழி)

முதல் கேள்வி என் விளக்கத்தின் பலவீனமான இடத்தைச் சரியாகத் தொடுகிறது. இந்தியப் பெந்தெகொஸ்தே சபையின் முன்னோடியான கே. இ. ஆபிரகாம், அமெரிக்க மிஷனரியான ராபர்ட் குக்குடன் இணைந்து பணியாற்றி, பின்பு சொத்து, அதிகாரம் பற்றிய கருத்து வேறுபாட்டால் பிரிந்தவர். 1930இல் அவரை ஊழியத்துக்கு அபிஷேகம் செய்தவர் வேறு யாருமல்லர்; சிலோன் மிஷனின் பாஸ்டர் பால்தான். இருவரும் மலையாளிகள், இருவரும் வெளிநாட்டுத் தலைமையை மறுத்தவர்கள். ஆயினும் இரு சபைகளும் ஒன்றாகவில்லை. ஆபிரகாமின் சபை மணமான பாஸ்டர்களையும், தனித்தனியே இயங்கும் உள்ளூர்ச் சபைகளையும் கொண்டு வளர்ந்து, 1935இல் ஆந்திரத்தின் ஏலூரில் பதிவுசெய்யப்பட்டது. கும்பநாடு அதன் மையமாயிற்று.

ஆபிரகாம், நூற்றாண்டுக்கணக்கான பழமையுள்ள சுரியானிக் கிறிஸ்தவச் சமூகத்தில் பிறந்தவர். அந்தச் சமூகத்தில் மணமான குருமார் வழக்கமானவர்கள். குடும்பங்களின் வழியாகவே சபை பரவுவதும் இயல்பு. ராமன்குட்டியோ தம் வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, பிறந்த மதத்தைவிட்டு, கடல் கடந்து தனியே நின்றவர். அவரைச் சுற்றிச் சேர்ந்தவர்களும் பல மொழி, பல சாதியினர். உறவின்முறை வலை இல்லாத இடத்தில் விசுவாச வீடு உறவாக அமைந்தது. ஆகவே, என் முதல் விடையைச் சற்றுத் திருத்திச் சொல்வதானால், வெளிநாட்டுப் பணத்தை மறுத்தது துறவுக்கு வழி திறந்தது. அந்த வழியில் நடக்கவைத்தது வேரற்றவர்களுக்கு ஒரு குடும்பம் தேவைப்பட்டதுதான். 1945இல் பாஸ்டர் பால் மறைந்தபின் தலைமைப் பொறுப்பு ஒரு சிங்களரான ஆல்வினிடம் தடையின்றிச் சென்றதும் அந்த அமைப்பின் இயல்பைக் காட்டுகிறது.

பெண்களின் இடம் இரு வகையாகப் பார்க்கத்தக்கது. பாஸ்டர் பொறுப்பும் நிர்வாகத் தலைமையும் ஆண்களிடமே இருக்கின்றன. அதே சமயம், மணமாகாமல் வாழ்வதற்குப் பெண்ணுக்கு மரியாதையான வழி ஏதும் நம் சமூகம் வைத்திராத 1920, 30களில், பெண்கள் வீடு வீடாகச் சென்று ஜெபித்து, போதித்து, ஊர் விட்டு ஊர் சென்று ஊழியம் செய்ய இந்தச் சபை இடமளித்தது. கத்தோலிக்கக் கன்னியர் மடங்களைத் தவிர்த்துப் பார்த்தால், தமிழ்ப் பெண்களுக்கு அத்தகைய வாய்ப்பு அன்று அரிது. அந்த வாய்ப்புக்கு இன்று எவ்வளவு மதிப்பு என்பதைப் பட்டம் பெற்று வேலைக்குப் போகக்கூடிய உங்கள் அண்ணன் மகள்தான் சொல்ல முடியும்.

தராசுமுள் (மறுமொழி)

ஒரு நடைமுறைச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊழியத்தில் சேர்ந்தபின் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் மனம் மாறி வெளியே வந்தால், அவர் கையில் சேமிப்போ வேலை அனுபவமோ இருக்காது. துறவு வாழ்க்கை எந்த மதத்தில் இருந்தாலும் இதே நிலைதான். ஆகவே அண்ணனும் அண்ணியும் கோபத்தில் உறவை முறித்துக்கொள்ளாமல், ‘எப்போது வந்தாலும் இந்த வீடு உனக்கு உண்டு’ என்று இப்போதே மகளிடம் சொல்லிவைக்கட்டும். அடுத்து, அவள் செல்லவிருக்கும் விசுவாச வீட்டின் பொறுப்பாளரை நேரில் சந்தித்து, நோய் வந்தால் என்ன செய்வார்கள், வீட்டாரைப் பார்க்க எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை அனுமதி உண்டு, அவள் பெயரிலுள்ள சொத்துப் பங்கு என்னாகும் என்ற மூன்றையும் கேட்டறிவது நல்லது.